ஆறு மாதக் கடிதம்: சுகாதார அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுகாதார அமைச்சர் அவர்களுக்கும், மருந்து ஒழுங்குமுறை விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். மருந்துச் சட்டத்தின் 21-ஆம் பிரிவை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பதிவாகாத கஞ்சா எண்ணெயை டாக்டர் கேட்டால், அந்த ஒரு நோயாளிக்கு மட்டும், ஆறு மாதத்துக்கு அனுமதிப்பீர்கள். ஆறு மாதம் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. அதற்குள்ளும் கடும் கட்டுப்பாடுள்ள ஆறாம் அட்டவணை மருந்து என்பதால் முப்பது நாளுக்கு மேல் கிடையாது. ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு.

போன மாதம் என் அக்காவின் அனுமதிக் கடிதம் முடிந்தது. அவருக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்னும் நரம்பு நோய். டாக்டர் அந்த நேரம் பார்த்து விடுப்பில் இருந்தார். புது விண்ணப்பம் தாமதமாகத்தான் போனது. மருந்துக்கடைப் பெண் எங்களைப் பல காலமாகத் தெரிந்தவள். புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள், கடிதத்தில் தேதியைப் பார்த்தாள், திரும்ப உள்ளே கொண்டுபோய்ப் பூட்டினாள். அவள்மேல் குற்றமில்லை. தேதி போன கடிதத்துக்கு மருந்து கொடுத்தால் அவள் பிழைப்பு போய்விடும்.

நாக்கடியில் சில சொட்டு விட்டால் அக்கா தூங்குவார். இல்லாவிட்டால் நள்ளிரவுக்கு மேல் கெண்டைக்கால் இழுக்கத் தொடங்கும். முதலில் விரல்கள் உள்ளே மடங்கும், பிறகு கால் முழுவதும் புளியங்கட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும். அத்தான் எழுந்து காலடியில் உட்கார்ந்து, பாதத்தைத் தன் மார்போடு அணைத்து, கொஞ்சம் கொஞ்சமாக முழங்காலை மடக்கிவிடுவார். அவருக்கே எழுபது தாண்டிவிட்டது. பக்கத்து அறையில் பேரப்பிள்ளைகள் படுத்திருப்பதால் அக்கா கத்தமாட்டார், தலையணை உறையைக் கடித்துக்கொள்வார். கடிதம் வரும்வரை எல்லா இரவும் இப்படியே.

இந்த நோய் ஆறு மாதத்தில் தீராது என்பது உங்களுக்குத் தெரியாததா? ஆகவே கேட்கிறேன்: தீராத நோய்க்காரர்களுக்கு அனுமதியை இரண்டு ஆண்டாக்குங்கள். காலம் முடிந்த பின்னும் இரண்டு மாதம் பழைய கடிதமே செல்லும் என்று ஒரு வரி சேருங்கள்.

2018 செப்டம்பர் 18 அன்று அரசியல் சாசன நீதிமன்றம், வயது வந்தவர்கள் தங்கள் சொந்த உபயோகத்துக்குத் தனியிடத்தில் கஞ்சா வளர்ப்பதும் பயன்படுத்துவதும் குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. 2024 மே 28 அன்று, தேர்தலுக்கு முந்தின நாள், அதிபர் அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆக, அத்தான் வீட்டுக்குப் பின்னால் கறிவேப்பிலை மரத்தருகே ஒரு செடி வைத்து, அக்காவைப் புகைக்கச் சொன்னால் யாரும் வந்து கேட்கப்போவதில்லை. ஆய்வகத்தில் அளந்து அளவு ஒட்டிய புட்டிக்குத்தான் இத்தனை கும்பிடு. வீட்டுச் செடியில் டிஎச்சி என்கிற போதைப்பொருள் எத்தனை மில்லிகிராம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, நக்கிப் பார்த்தா?

லைசென்ஸ் வாங்கிய பண்ணைகளோ ஜெர்மனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஏற்றுமதி செய்கின்றன. இந்தத் தொழில் 1,30,000 வேலை தரும் என்று 2022-இல் அதிபர் நாடாளுமன்றத்தில் சொன்னார். தரட்டும், யார் வேண்டாமென்றது? இங்கே விளைந்தது ஜெர்மன்காரரின் வலிக்குக் கப்பலேறும்போது அதற்கு நோக்கம் சுத்தம். சாட்ஸ்வொர்த்துக்கு வருவதென்றால்தான் சந்தேகம். 2025 மார்ச்சில் கஞ்சா கலந்த உணவுப் பண்டங்களை ஒரே அறிவிப்பில் தடை செய்தீர்கள், பிறகு வாபஸ் வாங்கினீர்கள். அந்தச் சுறுசுறுப்பில் கால்வாசி எங்கள் பக்கம் திரும்பக் கூடாதா?

இந்தச் சந்தேகம் பழையதுதான். டர்பன் அடங்கிய பழைய பிரிட்டிஷ் காலனியான நேட்டாலில் 1870-ஆம் ஆண்டின் 2-ஆம் சட்டம், 70-ஆம் பிரிவு: கூலிகள் கஞ்சாச் செடியின் எந்தப் பகுதியையும் புகைக்கவோ வைத்திருக்கவோ கூடாது, அவர்களுக்கு விற்கவோ சும்மா கொடுக்கவோ கூடாது. 1860-இல் மதராசிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கினார்களே, அவர்களும் பின்னால் வந்தவர்களும்தான் அந்தக் கூலிகள். கரும்பு வெட்டிய கைக்கு என்ன வலி என்று சட்டம் எழுதியவர்கள் கேட்கவில்லை, மறுநாள் வேலைக்கு ஆள் வருமா என்றுதான் பார்த்தார்கள். அந்தச் சட்டத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை, தெரியும். ஆனால் வலியை யாராவது கேட்கலாமே என்று இப்போதும் தோன்றுகிறது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். கட்டுப்பாடே வேண்டாம் என்பதல்ல என் பேச்சு. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத எண்ணெய்ப் புட்டிகள் வெளியே விற்கத்தான் செய்கின்றன. அங்கே உங்கள் கண்டிப்பு வேண்டும். டாக்டர் கையெழுத்திட்ட சீட்டோடு வரிசையில் நிற்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் வழிவிடுங்கள். இரண்டு ஆண்டு அனுமதி, முடிந்த பின் இரண்டு மாத அவகாசம். புதுச் சட்டம் வேண்டாம், உங்கள் வழிகாட்டுதலில் ஒரு திருத்தம் போதும் என்று நம்புகிறேன்.

அக்காவின் அடுத்த கடிதம் நவம்பரில் முடிகிறது. அதற்குள் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி