விடுதி ஆர்மோனியத்த பூட்டி வைக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பத்திரிகைல 'குயின்'ங்கிற இங்கிலாந்து ராக் பேண்டோட பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி சின்ன வயசுல மகாராஷ்டிரால இருக்க பஞ்சகனில ஹாஸ்டல்ல தங்கி படிச்சத பத்தி வந்த கட்டுரைய வாசிச்சேன். விவரமெல்லாம் நல்லா எழுதியிருந்தாங்க, ஆனா வீட்ட விட்டு பிரிஞ்ச தனிமைதான் அந்த பையன கலைஞனா ஆக்குச்சுன்னு சொல்லியிருந்தது மட்டும் எனக்கு ஒப்பல. நானும் தூத்துக்குடி பக்கம் ஒரு போர்டிங்ல வளர்ந்தவன், தனிமைக்கு அங்க ஒண்ணும் பஞ்சமில்ல. ராத்திரி லைட்ட அணைச்சப்புறம் போர்வைக்குள்ள அழாத பயலே கிடையாது. அழுத எல்லாரும் பாட்டுக்காரன் ஆயிடலயே சார்.

கட்டுரைல இருந்த விஷயத்தையே எடுத்துக்குவோம். 1946ல ஆப்பிரிக்கா பக்கத்து சான்சிபார் தீவுல பொறந்த பார்சி வீட்டுப் பையன் ஃபாரூக் பல்சாரா, அதான் பின்னால ஃப்ரெடி மெர்க்குரி ஆனவரு, எட்டு வயசுல பஞ்சகனி செயின்ட் பீட்டர்ஸ் ஸ்கூலுக்கு வந்து சேருறான். அதுவும் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைதான், என்ன, ரொம்ப வடக்க இருக்கு. பையனுக்கு பாட்டு வருதுன்னு கவனிச்சு, தனியா பியானோ சொல்லிக் குடுக்கலாம், அதுக்குக் கொஞ்சம் ஃபீஸ் ஆகும்னு அவன் அப்பா அம்மாவுக்கு லெட்டர் எழுதினது அந்த ஸ்கூல் ஹெட்மாஸ்டர். வீட்டுல சரின்னாங்க, பையன் பியானோல நாலாவது கிரேடு வரைக்கும் பரீட்சை பாஸ் பண்ணான். பன்னெண்டு வயசு வாக்குல கூடப் படிச்ச பயலுவளோட சேந்து 'ஹெக்டிக்ஸ்'னு ஒரு பேண்டும் ஆரம்பிச்சாச்சு. ஆக அங்க ஒரு பியானோ இருந்துச்சு, அதுல கை வைக்க விட்டாங்க, கவனிக்க ஒரு பெரிய மனுசர் இருந்தாரு, கூட வாசிக்க சேக்காளிங்க ராத்திரி பகலா ஒரே கூரைக்கடில இருந்தாங்க. 1970ல குயின் உருவாச்சுன்னா அதுக்கு வெத இங்கதான் விழுந்துச்சுன்னு நான் நெனைக்கேன், அழுகைல இல்ல.

நம்ம ஊர்லயும் இது புதுசில்ல. 1774ல திருநெல்வேலில பொறந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார பன்னெண்டு வயசு வாக்குல ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போயி தன் கிட்டயே வச்சுப் படிக்க வச்சாரு, பின்னால ராஜாவான சரபோஜி அங்க அவருக்குக் கூடப் படிச்சவரு. இன்னிக்கும் நம்ம கிறிஸ்தவக் கோயில்கள்ல அவரோட கீர்த்தனைய பாடுதோம். நாதஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம் கூட நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை கிட்ட சிஷ்யனா சேந்து, அவரு பக்கத்துலயே உக்காந்து வாசிச்சு வந்தவருதான. சின்னப் பயலுவள தங்க வச்சு நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிக்காரங்க கதையும் கிட்டத்தட்ட இதான், ஆனா அங்க பிள்ளைங்க வாங்கின அடியும் பட்ட பசியும் கொஞ்சமில்ல, அத யாரும் பெருமையா சொல்லிடக் கூடாது.

எங்க போர்டிங்ல சாயங்கால ஜெபத்துக்கு ஒரு பழைய ஆர்மோனியம் உண்டு. துருத்தில ஓட்ட விழுந்து காத்து போவும், சைக்கிள் டியூப் துண்ட வெட்டி சொல்யூஷன் தடவி ஒட்டி வச்சிருந்தோம். மேல ஸ்தாயில ஒரு கட்ட அமுக்கினா எந்திரிக்காது, வாசிச்சிட்டே நகத்தால அத நெம்பி விடணும். தமிழ் சார் ஒருத்தர் ஜெபம் முடிஞ்சதும் பெட்டிய உடனே மூட மாட்டாரு, "ஏல, அரை மணி நேரம் உங்க இஷ்டம், ஆனா சண்ட போடப்பிடாது"ன்னு சொல்லிட்டு வெளித்திண்ணைல போயி உக்காந்துக்குவாரு. எங்க வகுப்புல சாயர்புரம் பக்கத்துப் பையன் ஒருத்தன், பேசவே கூச்சப்படுவான், அந்த அரை மணி நேரத்துலதான் ஒவ்வொரு கோயில் பாமாலைப் பாட்டா காதால கேட்டே கண்டுபிடிச்சு வாசிக்கப் பழகுனான். இன்னிக்கு அவனுக்கு கீபோர்டுதான் சோறு போடுது, கோயில் விருந்து நடக்குற அசன பண்டிக, கல்யாண வீடு, கச்சேரின்னு சுத்துதான். அடுத்து வந்த வார்டன் "பரீட்சை வருது, படிக்கிற வழியப் பாருங்கல"ன்னு ஆர்மோனியத்த ஆபீஸ் ரூம்ல வச்சுப் பூட்டிட்டாரு. எங்களுக்குப் பின்னால வந்த பயலுவள்ல எத்தன பேருக்கு கை இருந்துச்சோ, யாருக்குத் தெரியும், அத நெனச்சா எனக்கு இப்பவும் ஆத்திரமா வருது.

இப்ப அரசுப் பள்ளிகள்ல கலைத் திருவிழா நடத்துறாங்க, ரொம்ப நல்ல காரியம், மனசார வரவேற்கேன். ஆனா போட்டி முடிஞ்சா மேடைய பிரிச்சிடுவாங்க, விடுதிப் பிள்ளை சாயங்காலம் திரும்பி வர்ற எடத்துல தொட்டுப் பாக்க ஒரு டோலக்காவது இருக்கணும்லா? வீட்டுல இருக்க பிள்ளைய அப்பா அம்மா பாட்டு கிளாஸுக்கு கூட்டிட்டுப் போவாங்க, விடுதில இருக்க பிள்ளைக்கு விடுதிதான் எல்லாம். ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி, மிஷன் போர்டிங் எதுவானாலும் வாரத்துல ரெண்டு சாயங்காலம் படிப்பு நேரத்துலேர்ந்து ஒரு மணி நேரத்த இதுக்கு ஒதுக்கலாம். சொல்லிக் குடுக்க ஆளில்லன்னு சொல்ல முடியாது, நெல்லைல அரசு இசைப்பள்ளி இருக்கு, அங்க வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில்லாம் படிச்சு முடிச்சிட்டு வேல தேடுற பிள்ளைங்கள மாசச் சம்பளத்துக்கு பார்ட் டைமா போட்டா அவங்களுக்கும் ஒரு வழி பொறக்கும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க நிருபர நெல்லை, தென்காசி, தூத்துக்குடி விடுதிகளுக்கு அனுப்பி, எத்தன எடத்துல வாசிக்கிற நெலமைல ஒரு கருவி இருக்கு, அதோட சாவி யாரு கையில இருக்குன்னு விசாரிச்சு எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
பழைய போர்டிங் மாணவன்,
பாளையங்கோட்டை.