ஐவருக்கும் பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிரெஞ்சு துளைக்கருவி ஐவர் குழுவைப் பற்றிய கட்டுரையில், "நரம்புக்கருவி நால்வரின் கனத்த இசைக்கு நடுவே இளைப்பாறக் கேட்கலாம்" என்று ஒரு வரி. இசைப் பக்கங்களை இவ்வளவு அக்கறையோடு நடத்தும் தங்கள் கண்ணுக்கு அது தப்பியதில்தான் எனக்கு வருத்தம்.

இரண்டு வயலின், வியோலா, செல்லோ நான்கும் ஒரே குடும்பம். நாதம் தானாகவே இழையும். துளைக்கருவி ஐவரிலோ ஐந்தும் ஒலி பிறக்கும் விதத்திலேயே வேறு. புல்லாங்குழலில் காற்று விளிம்பில் மோதுகிறது. உயர்ந்த குரலுள்ள ஓபோவுக்கும் தாழ்ந்த குரலுள்ள பஸ்ஸூனுக்கும் இரட்டைச் சீவாளி, கிளாரினெட்டுக்கு ஒற்றை. சுருண்ட பித்தளைக் குழாயான ஹார்னில் வாசிப்பவரின் உதடே அதிர்கிறது. ஓங்கி ஊதினால் குழலின் சுருதி ஏறும், கிளாரினெட்டின் சுருதி இறங்கும். மெல்ல ஊதினால் நேர்மாறு. ஒரு நீண்ட சுரத்தை மெல்ல மெல்ல அடக்கி முடிக்கும்போது கவனிக்காமல் விட்டால் இருவரும் எதிரெதிர்த் திசையில் நழுவிவிடுவார்கள். குழல்காரர் காற்றைச் சற்று மேல்நோக்கித் திருப்ப வேண்டும்; கிளாரினெட்காரர் உதட்டுப் பிடியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். கேட்பவருக்கு இது எதுவும் தெரியக் கூடாது.

ஓபோவின் சிரமம் வேறு. சீவாளியின் வாய் அத்தனை குறுகல் என்பதால் மூச்சு தீராது, உள்ளேயே தேங்கும். புது மூச்சு எடுக்கும் முன் பழையதை வெளியே விட வேண்டும். அதற்கு இடம் கொடுக்காமல் எழுதிய பகுதியில் எவரும் திணறுவார். ஹார்னின் வாயோ பின்னால் பார்க்கிறது. முதுகுக்குப் பின் வெறும் சுவர் இருந்தால் மற்ற நால்வரையும் அமுக்கிவிடும், கனத்த திரை இருந்தால் அமுங்கிப் போகும். அவரை எங்கே உட்கார வைப்பது என்பதை ஒவ்வொரு அரங்கிலும் புதிதாகத்தான் பார்க்க வேண்டும். இளைப்பாறுகிற வேலையா இது?

பிராகில் பிறந்து பாரிசில் வாழ்ந்த இசையமைப்பாளர் ரெய்க்கா இந்த ஐந்து கருவிகளுக்கு 24 படைப்புகள் எழுதினார். குழல் மேதை தஃபானெல் 1879இல் பாரிசில் துளைக்கருவிகளுக்கென்றே ஒரு சேம்பர் இசை (சிறு குழு இசை) சங்கம் தொடங்கினார். பிரெஞ்சு இசையமைப்பாளர் இபேர் 1930இல் ஐவர் குழுவுக்கு எழுதிய 'மூன்று குறும்படைப்புகள்' இருக்கிறதே, அதன் நடுப்பகுதி பெரும்பாலும் குழலும் கிளாரினெட்டும் மட்டும். சுருதியில் ஒன்றுக்கொன்று எதிராக நடக்கும் அதே இரண்டு கருவிகள், ஒளிந்துகொள்ள ஓரிடமும் இல்லாமல். இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபிரான்சே 1948இல் ஐவர் குழுவுக்கு எழுதியதை இன்றும் தேர்ந்த குழுக்களே அஞ்சி அணுகுகின்றன.

சொல்ல வந்ததால் பழையதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு தங்கள் இதழில் வந்த ஒரு இசைத்தட்டு மதிப்புரை, பழைய பிரெஞ்சு பதிவுகளில் பஸ்ஸூன் மூக்கால் பாடுவதுபோல் ஒலிப்பதைப் பதிவுக் கோளாறு என்றது. கோளாறு அல்ல. பிரெஞ்சு பஸ்ஸூன் ஜெர்மன் வகையிலிருந்து வேறான கருவி; உட்துளை குறுகல், சாவிகளின் அமைப்பும் வேறு. ஜெர்மன் வகையே எங்கும் பரவிவிட்டதால் அந்தக் குரல் நமக்கு அந்நியமாகிவிட்டது. பிழை என்று எழுதிய பிறகு அதைத் தேடிக் கேட்க யாருக்கு மனம் வரும்?

இன்னொன்று, இந்த முறையே நடந்தது. படத்தின் கீழே "ரம்பாலும் குழுவினரும்" என்று அச்சிட்டிருந்தீர்கள். ஐவரில் ஒருவர் கொஞ்சம் பின்தங்கினாலும் இசை நொறுங்கிவிடும் ஒரு குழுவில் நால்வர் பெயரற்றுப் போனது மனதை வருத்துகிறது.

அடுத்த இதழில் நான்கு வரி இடம் போதும். குழல்: ழான்-பியேர் ரம்பால். ஓபோ: பியேர் பியர்லோ. கிளாரினெட்: ழாக் லான்ஸ்லோ. பஸ்ஸூன்: போல் ஓஞ். ஹார்ன்: ழில்பேர் கூர்சியே. கருவியோடு சேர்த்து இதே வரிசையில் வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகர்