முறிகண்டியில் பூட்டிய காருக்குள் நாய்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஏ9 வீதியால் போகும் வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டுதான் புறப்படும். அதில் எனக்குக் குறையில்லை. நாயைக் காருக்குள் பூட்டிவிட்டு இறங்குகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கும். சித்திரை வெயிலில் பத்து நிமிடத்திலேயே உள்ளே அனல்தான். கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கிவிடுவது போதாது. ஒருவர் நாயோடு மரநிழலில் நிற்கட்டும். பிள்ளையார் கோபிக்க மாட்டார்.

கழுத்துப்பட்டியில் கட்டவும் வேண்டாம். சடுதியாகப் பிரேக் போட்டால் நெரித்துவிடும். மார்புப்பட்டியை இருக்கைப்பட்டியோடு கொழுவுங்கள்.

வவுனியாவுக்கு மிருக வைத்தியரிடம் கொண்டுபோகும் நாளில் எங்கள் நாய்க்குக் காலைச் சாப்பாடு கிடையாது, தண்ணீர் மட்டுமே. இருக்கையில் பழைய சாரம் விரித்திருப்பேன். வாந்தி எடுத்தாலும் கிணற்றடியில் அலசினால் முடிந்தது.

ஒரு வாசகி,
மாங்குளம்.