பழைய சுவருக்குச் சிமென்ட் பூச்சு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீடுகள் இடிபடுவதைப் பற்றிப் பலரும் வருந்தி எழுதுகிறார்கள். பழுதுபார்ப்பதாக எண்ணி நாமே சிதைத்துவிடும் வீடுகளைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை.

சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய சுவர் ஈரத்தை உறிஞ்சினாலும், காற்றும் வெயிலும் பட்டால் அதை வெளியே விட்டுவிடும். ஓதம் ஏறிய சுவரும் பல தலைமுறைக்கு நிற்பது இதனால்தான். ஓதத்தைக் கண்டு பயந்து பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசினால், போக வழியில்லாத ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சிமென்ட்டைவிட மென்மையான பழைய செங்கல்லைப் பொடியாக உதிர்த்துவிடுகிறது. சுண்ணாம்புப் பூச்சில் விழும் மயிரிழை விரிசலை, நீரில் கரைந்து மீண்டும் படியும் சுண்ணாம்பே ஓரளவு அடைத்துக்கொள்ளும். சிமென்ட்டின் விரிசலோ மழைநீரை உள்ளே வாங்கிக்கொண்டு அடைத்து வைக்கும். இன்று நாம் பரவலாகப் பயன்படுத்தும் போர்ட்லண்ட் வகைச் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டதே 1824-இல்தான். அதற்கு முன்பு கட்டிய எந்த வீடும் அதை எண்ணிக் கட்டப்பட்டதன்று.

மரச் சாளரங்களும் இப்படித்தான் போகின்றன. மழைபட்டு இற்றுப்போவது பெரும்பாலும் கீழ்ச்சட்டம் மட்டுமே. அந்தப் பகுதியை அறுத்தெடுத்து அதே வகை மரத்தை ஒட்டுப்போட நல்ல தச்சரால் முடியும். முழுவதையும் பெயர்த்துவிட்டு அலுமினியம் பொருத்தும்போது, சட்டத்தின் கனமும் சுவரில் விழும் நிழலின் ஆழமும் மாறி, வீட்டின் முகமே வேறாகிவிடுகிறது.

ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்று கட்டடப் பாதுகாப்புக்கான பன்னாட்டு நெறிமுறையாகிய 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் கூறுகிறது. அது நினைவுச்சின்னங்களுக்காக எழுதப்பட்டதாயினும், இல்லாத வேலைப்பாட்டைப் பழமைபோல் ஒட்டவைக்கும் இன்றைய ஆசைக்கும் அது பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. குடியிருப்போருக்குக் குளியலறையும் மின்வசதியும் வேண்டும்தான். பின்னாளில் சுவருக்குச் சேதமின்றி அகற்றக்கூடியவாறு அவற்றை அமைத்துக்கொள்ளலாம்.

வேலை தொடங்குமுன் ஒவ்வோர் அறையையும் படமெடுத்து, அளவெடுத்து, பழைய சாந்தில் ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொள்ளுமாறு வீட்டு உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களிடமும் தச்சர்களிடமும் கேட்டு, அவர்களது செய்முறையைத் தங்கள் நாளிதழ் தொடராக வெளியிட்டால், சிமென்ட் மூட்டையை இறக்குமுன் சிலராவது அதைப் படித்துப் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்