மார்ஃபினுக்காகச் சட்டத்தின் கதவைத் தட்டியவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

அபினிலிருந்து எடுக்கும் கடும் வலிக்கான மருந்தான மார்ஃபின் நோயாளிகளுக்கு எளிதாகக் கிடைக்க வழிசெய்த, போதைப்பொருள் சட்டத்தின் 2014 திருத்தத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்த புற்றுநோய் மருத்துவர்கள், மயக்க மருத்துவர்கள், கடும் நோயில் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் நோய்த்தணிப்பு மருத்துவர்கள், அவர்களோடு நின்ற வழக்கறிஞர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள், நோயாளிகளின் குடும்பத்தார் எல்லோருக்கும் இந்த மடல்.

1985ஆம் ஆண்டுச் சட்டம் கடத்தலைத் தடுக்க வந்தது. அதன் சுமை வலியில் துடிப்பவர்கள் மேல் விழுந்தது. 10 ஆண்டுச் சிறை என்ற அச்சத்தில் மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபின் வாங்குவதையே விட்டுவிட்டன. பல மாநிலங்களில் நான்கைந்து உரிமங்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு துறை தரும். எல்லாம் ஒரே சமயத்தில் நடப்பில் இருக்க வேண்டும். கடைசி உரிமம் கைக்கு வருவதற்குள் முதல் உரிமம் காலாவதியாகிவிடும். 1997இல் நாடு முழுவதும் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் சுமார் 18 கிலோ. இத்தனைக்கும் மருந்துக்கான அபினை அரசு உரிமத்தோடு விளைவிக்கும் நாடு இது.

18 கிலோ என்றால் எத்தனை பேர் என்று சொல்ல மருத்துவரால்தான் முடியும். ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம்: காலை 6, 10, பகல் 2, மாலை 6 மணிக்கு 10 மி.கி. மாத்திரை ஒவ்வொன்று, நள்ளிரவில் எழுப்பாமல் இருக்க இரவு 10 மணிக்கு இரண்டு. நாளுக்கு 60 மி.கி.; மூன்று மாதத்துக்கு 5.4 கிராம். அப்படிப் பார்த்தால் அந்த 18 கிலோ ஏறத்தாழ 3,300 பேருக்குத்தான் வரும். இந்தக் கணக்கை வார்டிலிருந்து அமைச்சகத்துக்கு எடுத்துப்போனீர்களே, அதற்குத்தான் முதல் நன்றி. மருத்துவர் அரசியலில் தலையிடலாமா என்ற கேள்வி அன்றும் இருந்தது. எழுதித் தரும் மருந்து கிடைக்குமா என்பதைச் சட்டம் தீர்மானிக்கும்போது, அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுவதும் சிகிச்சைதான் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

அடிமையாகிவிட மாட்டார்களா என்ற அச்சத்துக்கு நீங்கள் தந்த விளக்கம் பெரிய உதவி. திடீரென நிறுத்தினால் உடல் தவிக்கும், ஆகவே படிப்படியாகக் குறைக்க வேண்டும். அது வேறு, போதை வேட்கை வேறு. சிறுநீரகம் பழுதானால் மருந்தின் கழிவு உடலில் தேங்கும், அளவைக் குறைத்து இடைவெளியைக் கூட்ட வேண்டும். மலச்சிக்கல் வரும், முதல் நாளிலிருந்தே மலமிளக்கி வேண்டும். கட்டுப்பாடு எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்பதை இதையெல்லாம் அறிந்தவர்தான் சொல்ல முடியும்.

திருவனந்தபுரத்தின் நோய்த்தணிப்பு மருத்துவர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலையும், 2007இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தவர்களையும் தனியாக வணங்குகிறோம். 2014 பிப்ரவரியில், தேர்தலுக்கு முந்தைய கடைசிக் கூட்டத்தொடரில், திருத்தம் இரு அவைகளிலும் நிறைவேறியது. 2015 மே மாதம் விதிகள் வந்தன. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு, உரிமக் குவியலுக்குப் பதிலாக மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும் என்றானது.

வேலை இன்னும் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையிலும் மருந்து தீர்ந்துபோவதற்குப் பெரும்பாலும், ஆண்டுக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று விண்ணப்பத்தில் நாம் எழுதும் மதிப்பீடுதான் காரணம். வழக்கமான வேளைகளை மட்டும் கணக்கிட்டுவிடுகிறோம். இடையில் வலி கிளம்பினால் தரும் கூடுதல் வேளை, நாள் அளவில் ஆறில் ஒரு பங்கு, விட்டுப்போகிறது. நாளுக்கு இரண்டு கூடுதல் வேளை என்றால் 60 மி.கி. 80 ஆகும், 100 நோயாளிகளுக்கு மூன்று மாதத் தேவை 540 கிராமிலிருந்து 720 கிராமாக உயரும். விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் இந்த ஒரு வரியைச் சரிபார்க்கும் மருந்தாளுநர்களுக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

சிறுநீரக, நரம்பியல், இதயநோய் மருத்துவர்களில் இந்த முயற்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கும் நன்றி. கடும் வலியும் மூச்சுத்திணறலும் புற்றுநோயாளிகளுக்கு மட்டும் உரியவை அல்ல என்று அதிகாரிகளிடம் உங்கள் துறையின் பெயரால் சொன்னீர்கள். இரவுப் பணி முடியும்போது ஒவ்வொரு மாத்திரையையும் எண்ணிப் பதிவேட்டில் இருப்பை எழுதி வைக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் வணக்கம். எளிய விதி கேட்டு நாங்கள் மனுவோடு போகும்போதெல்லாம் அந்தப் பதிவேட்டைத்தான் மேசைமேல் வைக்கிறோம்.

நன்றியுடன்,
நோய்த்தணிப்பு சிகிச்சைப் பணியாளர்கள்