தொப்பியில் தண்ணீர் பிடித்தவருக்கு

அன்புள்ள வுடி ஸ்ட்ரோட் ஐயா,

நீங்கள் 1994 டிசம்பர் 31 அன்றே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், இந்தக் கடிதம் உங்களுக்கு வராது என்று தெரியும். ஆனாலும் நேற்று ராத்திரி நீங்கள் நடித்த ‘ஸ்பார்டகஸ்’ படத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படம். லாரன்ஸ் ஒலிவியர், சார்லஸ் லாட்டன் என்று ஜாம்பவான்கள் இருக்கிறார்கள். எனக்கு நிற்பது அந்த மரக்கொட்டகைதான். ரோமானியர்களின் வேடிக்கைக்காகச் சாகும்வரை சண்டை போட வேண்டிய அடிமைகளாக நீங்களும் கதாநாயகன் கிர்க் டக்ளஸும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள், வெளியே இரண்டு பேர் வெட்டிக்கொள்ளும் சத்தம், அது ஓய்ந்தால் உங்கள் முறை. வசனம் கிடையாது. டக்ளஸைப் பார்த்து லேசாக ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். அப்புறம் வலையும் முச்சூலமுமாக இறங்கி, ஜெயித்து, கொல்ல மாட்டேன் என்று அந்தச் சூலத்தை மேலே உட்கார்ந்திருக்கும் ரோமானியர்களை நோக்கி எறிந்துவிட்டுச் சுவரில் ஏறும்போது செத்துப்போகிறீர்கள். படத்தின் முதல் மணி நேரம்கூட முடிந்திருக்காது.

உங்களை ஆறடி நாலங்குல உடம்பு என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ நீங்கள் காத்திருக்கத் தெரிந்த நடிகர் என்று தோன்றுகிறது. எங்கே கற்றீர்கள் என்று தேடிப் பார்த்தால் அது சினிமாவில் இல்லை, அமெரிக்கக் கால்பந்தில் இருக்கிறது. 1939இல் யு.சி.எல்.ஏ என்கிற லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக அணியில் நீங்கள், கென்னி வாஷிங்டன், ஜாக்கி ராபின்சன். அந்த சீசன் முழுக்க ஒரு தோல்விகூட இல்லை. ஆனால் தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்லில் 1933க்குப் பிறகு கறுப்பர்களுக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. 1946இல் ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தபோது, ஊர்ப் பணத்தில் கட்டிய கொலீசியம் மைதானத்தில் விளையாட வேண்டுமானால் எங்கள் ஆட்களையும் சேர்த்துக்கொள் என்று கறுப்பினப் பத்திரிகையாளர்கள் பிடிவாதமாக நின்றார்கள். வாஷிங்டனை எடுத்தார்கள். அவரோடு அறையில் தங்க ஒரு ஆள் வேண்டுமே, அதற்காக உங்களை. அப்போது உங்களுக்கு 32 வயது. ஆடியது ஒரே சீசன்.

சிகாகோவில் அணி தங்கிய ஹோட்டலில் உங்கள் இருவருக்கும் இடமில்லை என்றார்கள், ஆளுக்கு நூறு டாலர் கொடுத்து வேறு இடம் பார்க்கச் சொன்னார்கள், போன இடத்தில் ஜாஸ் கலைஞர் கவுன்ட் பேஸி வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி வரலாம் என்று சொல்லி அனுப்பியபோது, வேண்டாம், ஒதுக்கப்பட்டே இருந்துகொள்கிறோம் என்றீர்களாமே! நீங்களே பின்னாளில் சொன்ன கதை இது. படித்தபோது சத்தமாகச் சிரித்தேன், உடனே என்னவோ போலாகிவிட்டது.

அப்புறம் கனடாவில் கால்கரி கால்பந்து அணியோடு 1948 கோப்பை, மல்யுத்தம், சினிமாவில் அங்கங்கே காட்டுவாசி வேஷங்கள். அதெல்லாம் சரி. 1960இல் இயக்குநர் ஜான் ஃபோர்டு உங்களை ‘சார்ஜென்ட் ரட்லெட்ஜ்’ ஆக்கினார், படத்தின் பெயரே உங்கள் பாத்திரம், ஆனால் நடிகர் வரிசையில் ஜெஃப்ரி ஹன்டருக்குப் பின்னால்தான் உங்கள் பெயர். இது எந்த ஊர் நியாயம் ஐயா? இரண்டு வருடம் கழித்து அதே ஃபோர்டின் ‘தி மேன் ஹூ ஷாட் லிபர்டி வேலன்ஸ்’ படத்தில், வகுப்பறையில் லிங்கன் படத்துக்குக் கீழே நின்று அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை ஒப்பிக்கிறீர்கள். மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்கிற வரி வரும் இடத்தில் தடுமாற்றம். பரவாயில்லை, அதைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள் என்கிறார் பாடம் நடத்தும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். அந்த நேரத்தில் உங்கள் முகத்தில் இருக்கும் கூச்சம் நடிப்பா இல்லையா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

1968இல் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ படத்தின் தொடக்கத்தில் உங்கள் காத்திருப்பை மட்டுமே படமாக்கினார். வெறிச்சோடிய ரயில் நிலையம், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நீங்கள். மொட்டைத் தலையில் சொட்டுச் சொட்டாக விழுகிறது. நகரவில்லை. தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்கிறீர்கள், இப்போது சொட்டு தொப்பியில் விழுகிறது. ரயில் வந்ததும் விளிம்பில் தேங்கியதை நிதானமாகக் குடித்துவிட்டு நடக்கிறீர்கள், சில நிமிடங்களில் சுடப்பட்டு விழுகிறீர்கள்.

நீங்கள் போன மறு வருடம் ‘டாய் ஸ்டோரி’ வந்தது. அதில் வரும் கௌபாய் பொம்மைக்கு வுடி என்று பெயர் வைத்தது உங்களை நினைத்துத்தான். அக்கா பேரனிடம் அந்தப் பொம்மை இருக்கிறது. உன் வுடிக்குப் பெயர் கொடுத்தவர் இவர்தான் என்று உங்கள் படத்தைக் காட்டினேன். நம்பவில்லை. “இவருக்குத் தொப்பி எங்கே?” என்றான். இருக்குடா, அதில் தண்ணீர் பிடித்துக் குடிப்பார் என்றேன். அன்று சாயங்காலம் முழுக்கக் குளியலறையில் பொம்மைத் தொப்பியும் கையுமாக நின்றான்.