வாங்கிய புத்தகத்தை இரவல் கொடுக்க விடுங்கள்

மின்னூல் விற்கும் நிறுவனத்தாருக்கும் அவர்களுக்கு நூல்களைத் தரும் பதிப்பாளர்களுக்கும் வணக்கம்.

உங்களில் ஒருவர் முடக்கி வைத்திருந்த என் கணக்கைப் போன வாரம் திறந்துவிட்டார். நன்றி. சந்தேகத்துக்குரிய பயன்பாடு என்று காரணம் சொன்னார்கள். நடந்தது இவ்வளவுதான்: என் தோழிக்கு ஒரு நாவலைப் படிக்கக் கொடுத்தேன்.

நானும் அவளும் கல்லூரிக் காலத்திலிருந்தே புத்தகம் மாற்றிப் படிக்கிறவர்கள். ரசனை ஒத்தே போகாது. துப்பறியும் கதை என்றால் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு, அப்புறம் நிதானமாக முதல் பக்கத்துக்கு வருவாள். நான் உருகி உருகி அடிக்கோடு போட்ட வரிக்குப் பக்கத்தில் "இதில் அப்படி என்ன இருக்கு?" என்று பென்சிலில் கேட்டு வைப்பாள். எரிச்சலோடு அந்தப் பக்கத்தை மறுபடி படிப்பேன். பாதி நேரம் அவள் கேட்டது நியாயமாகவே இருக்கும். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று இருவரும் மின்னூலுக்கு மாறினோம். கொடுக்கல் வாங்கல் அதோடு நின்றது.

உங்கள் 'பகிர்' பொத்தானை அழுத்தினால் அட்டைப் படமும் விலையும் போகின்றன. பிடித்த பத்திகளை வெட்டி அனுப்பிப் பார்த்தேன். பதிப்பாளர் அனுமதித்த அளவு தீர்ந்துவிட்டது என்றது. கடைசியில் வாசிப்புக் கருவியையே பொட்டலம் கட்டி அவளுக்கு அனுப்பினேன். ஒரு நாவலுக்காக என் அலமாரி மொத்தமும் கிளம்பிப் போனது, யாருக்கும் காட்ட விரும்பாத சில புத்தகங்கள் உட்பட. கடவுச்சொல்லையும் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அங்கே திறந்தாள், இங்கே கணக்கைப் பூட்டிவிட்டார்கள். வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் மிகவும் மரியாதையாக, "தோழிக்கு இன்னொரு பிரதி வாங்கிப் பரிசளிக்கலாமே" என்றார்.

நான் கேட்பது ஒன்றுதான். காசு கொடுத்து வாங்கிய மின்னூலை ஒரு நண்பருக்கு இரவல் கொடுக்க வழி செய்யுங்கள். அது அவரிடம் இருக்கும்வரை என்னால் திறக்க முடியாமல் போகட்டும். அச்சுப் புத்தகத்தில் இதுதானே நடக்கிறது.

முடியாத காரியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு பிரதி, ஒரு சமயத்தில் ஒரு வாசகர் என்றுதான் நூலகங்கள் பலவற்றுக்கு மின்னூல் தருகிறீர்கள். தனிநபருக்கும் தந்து பார்த்தீர்கள்: 2009இல் பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடையின் நூக் கருவியில், 2010 முடியும்போது அமேசானின் கிண்டிலில். 14 நாள் தவணை, ஒரு நூலை ஒரே ஒரு முறை, அதுவும் பதிப்பாளர் சம்மதித்தால். 14 நாளில் என் தோழி கடைசி அத்தியாயத்தைத் தாண்டியிருப்பாளா என்பதே சந்தேகம். கிண்டிலில் அந்தக் கஞ்ச வசதியும் பிற்பாடு காணாமல் போனது.

சட்டம் உங்கள் பக்கம் என்பதும் தெரியும். விற்ற புத்தகத்தின் மறுவிற்பனை விலையைப் பதிப்பாளர் கட்டுப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இல் சொன்னது. அச்சு நூலுக்குள்ள மறுவிற்பனை உரிமை மின்னூலுக்குப் பொருந்தாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019இல் சொன்னது. நான் எதையும் விற்கப் போவதில்லை. இரவல் கொடு என்று உங்களை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை, சரி. கொடுக்காதே என்றும் உங்கள் கையைப் பிடிக்கவில்லையே.

இரவலுக்குப் பதிலாக எங்களுக்குக் கிடைப்பது உங்கள் கணினியின் பரிந்துரை. கருவி திரும்பி வந்ததிலிருந்து எனக்கு ஒரே கொலைக் கதைகளாக வந்து குவிகின்றன, 'உங்கள் ரசனைக்கேற்ப' என்ற தலைப்போடு. எத்தனை நாள் விடாமல் படித்தேன் என்று பதக்கம் வேறு. படித்ததைப் பற்றிச் சண்டை போட ஆள் வேண்டுமென்றால் மட்டும் ஆளுக்கொரு பிரதி வாங்க வேண்டும். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாசகர்களின் நூல்கள் அப்படியே மறைந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஓரக்குறிப்பு எழுதி வைத்திருந்தவர்கள் கணக்கில் கூடுதலாக 25 டாலர் வரவு வைத்தார்கள். என் தோழியின் பென்சில் கேள்விகளுக்கும் அதே விலைதானா என்று கேட்கத் தோன்றுகிறது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். வியாபாரமாகவே பேசுவோம். அந்த நாவலை முடித்ததும் என் தோழி அதே எழுத்தாளரின் மற்ற நூல்களை வரிசையாக வாங்கினாள். உங்களிடமிருந்துதான் வாங்கினாள். உங்கள் பரிந்துரைப் பட்டியலில் அந்தப் பெயரை அவள் முன்பே பார்த்திருக்கிறாள், தள்ளிவிட்டுப் போயிருக்கிறாள். ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் கிடைக்க வேண்டும் என்று நூலகவியலின் ஐந்து விதிகளில் ஒன்றாக எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதி வைத்தார். அந்த நாவலுக்கு அதன் வாசகரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது நான், அதற்காகப் பூட்டப்பட்டதும் என் கணக்குதான்.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்கிறேன்: வாங்கியவர் தன் நண்பருக்கு ஒரு மின்னூலை இரவல் கொடுக்கட்டும். முதலில் தவணை வைத்தே தாருங்கள், 14 நாளுக்குப் பதில் இரண்டு மாதமாக. எல்லாப் பதிப்பாளர்களும் சம்மதிக்கும்வரை காத்திருக்காமல், சம்மதிக்கிறவர்களின் நூல்களிலிருந்து தொடங்குங்கள். எப்போது தொடங்குவீர்கள் என்று ஒரு வரி பதில் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்களிடம் இன்னும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு வாசகி